ஒரே நாளில் விளைந்த பூண்டு

செல்போன் அலறியது.

செல்வமுருகன் எடுத்தான். மேல்மலைப் பூண்டு விவசாயிகள் குழுவுக்கு அவன்தான் தலைவர்.

"மிஸ்டர் செல்வமுருகன்?" தேன் தடவிய பெண் குரல். "மானியத்துல வந்த விதைப்பூண்டைக் குழுத் தோட்டத்துல நட்டாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நாளைக்கு மார்னிங் இன்ஸ்பெக்‌ஷன். பயிர் இல்லைன்னா கேஸ்தான்."

க்ளிக்.

அந்தக் குளிரிலும் அவனுக்கு வியர்த்தது.

தோட்டத்தில் பயிர் எங்கே இருக்கும்? ஊர்க் குடும்பங்களுக்கு வந்த விதை மொத்தமும் அவன் வீட்டில் அடுப்புக்கு மேலிருந்த புகைமச்சில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. விலை ஏறியதும் வடுகபட்டிச் சந்தையில் தள்ளிவிடத் திட்டம். மச்சுக்கு இரட்டைப் பூட்டு. சாவி அவன் அரைஞாண் கயிற்றில்.

"ஏலே அழகுமலை..." ஜீப் டிரைவரைக் கூப்பிட்டான். "நாளைக்கு எனக்குக் கம்பிதான்டா."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அழகுமலை பல் குத்தியபடி யோசித்தான்.

"மச்சுல பூண்டு தாளோடதானண்ணே தொங்குது? எறக்கி அப்படியே மண்ணுல சொருகிருவோம். தாள் காஞ்சு நின்னா அறுவடைக்கு நிக்குற வெள்ளாமைன்னு நெனச்சுக்கிருவாங்க. ஆபீசர் போனதும் புடுங்கி மறுபடி மச்சுல ஏத்திருவோம்."

"நீ மட்டும் படிச்சிருந்தா கலெக்டர்டா."

"படிச்சிருந்தா உங்களுக்கா ஜீப் ஓட்டுவேன்?"

மதியம் கூலிக்கு ஆள் வந்தது. பாண்டிச்செல்வியும் ஊர்ப் பெண்களும். எல்லோருமே குழுவில் பேர் உள்ளவர்கள்.

"அண்ணே... நம்ம விதை வர்ற வழியிலயே அழுகிருச்சுன்னீங்க. இது ஏது?" என்றாள் பாண்டிச்செல்வி.

"இது என் சொந்தப் பூண்டு. பேசாம வெரசா சொருகு."

"பல்லு பிரிச்சுத்தான நடுவோம்? இதென்ன முழுசா, தாளோட?"

"புது மெத்தடு. வெளிநாட்டுல இப்படித்தான்."

"அப்பச் சரிங்கண்ணே. தாளு மேல இருக்கணுமா, கீழ இருக்கணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். பொழுது சாயுமுன் குழுவின் தரிசு நிலம், தோட்டமாகி நின்றது.

மறுநாள் வெள்ளனே போய்ப் பார்த்தவன் போட்ட அலறலில், மரத்துக் காக்கைகள் பறந்தன.

ஒரு தாள் இல்லை.

வெறும் குழிகள்...

வெயில் ஏறியும் ஆபீசரும் வரவில்லை.

அழகுமலை ஜீப்பை நேராக ஸ்டேஷனுக்கு விட்டான். சப்-இன்ஸ்பெக்டர் சேனாதிபதி டீயை உறிஞ்சினார்.

"எது களவு போச்சு?"

"குழுத் தோட்டத்துப் பூண்டு பூராவுங்கய்யா."

"குழு ஆளுகதான வெளிய நிக்குறாங்க? வாம்மா உள்ள."

பாண்டிச்செல்வி வந்தாள்.

"களவெல்லாம் இல்லைங்கய்யா. மானிய விதையை நட்டாச்சுன்னு தலைவரே கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்காரு. அது குழுத் தோட்டத்துல வெளஞ்சு நின்னுச்சு. குழு ஆளுக நாங்க புடுங்கிச் சமமாப் பிரிச்சுக்கிட்டோம். அடுத்த போகத்துக்கு விதை வேணும்ல?"

"பொய்யிங்கய்யா!" செல்வமுருகன் துள்ளினான். "வெளையவே இல்ல. நேத்துத்தான் என் மச்சுல இருந்து எறக்கி நட்டேன்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சேனாதிபதி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப முன்னாடியே நட்டாச்சுன்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுத்தது?"

"அய்யா... ஒரு ஆபீசரம்மா போன் பண்ணி மெரட்டுனாங்க. இந்தா, இந்த நம்பருதான்."

சேனாதிபதி அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"குட் மார்னிங், காட்டேஜ் ரிசப்ஷன். தமயந்தி பேசறேன். ரூம் வேணுங்களா சார்?"

அதே தேன்!

தமயந்தி... அழகுமலையின் பெண்டாட்டி, கொடைக்கானலில் வேலை பார்ப்பவள். அவள் இங்கிலீஷ் கலந்து பேசி செல்வமுருகன் கேட்டதே இல்லை. சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தவன், தானே மச்சைத் திறந்து, தானே கூலியும் கொடுத்திருக்கிறான். வாசலில் ஜீப்பில் சாய்ந்து நின்ற அழகுமலை மெதுவாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வேணாம்மா," என்றார் சேனாதிபதி, செல்வமுருகனைப் பார்த்தபடி. "தலைவருக்கு நாங்களே இங்க ரூம் போட்டுட்டோம். வியூ மட்டும் கொஞ்சம் கம்பி கம்பியாத் தெரியும்."