முதலையின் பின் இருக்கை

மேட்டில் சைக்கிள் கனக்கவில்லை. பஸ் டிரைவருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மேடு வந்தாலே பின்னால் இருக்கும் மனைவி பெடலிலிருந்து நைசாகக் காலை எடுத்துவிடுவாள். கேட்டால், "பஸ் நிறைய ஆளை இழுக்கிறவருக்கு நான் ஒருத்தி பாரமா?" என்பாள். முன்னும் பின்னுமாக இருவர் மிதிக்கும் நீள சைக்கிள் அது. அதன்மேல் தலை முதல் வால் வரை பச்சைத் துணியில் ஒரு முதலை, தையல்காரியான அவளுடைய கைவேலை. அவர் தலைக்குள், அவள் வால் பக்கம். நடுவில் தடித்த துணி. திரும்பினாலும் ஒன்றும் தெரியாது.

மாதம் ஒருமுறை இந்த வேஷ ஊர்வலம். சக்கரக் கம்பிகளில் வண்ண விளக்குகளைச் சுற்றிக்கொண்டு, மீசை வைத்த மணப்பெண்ணும் எலும்புக்கூடும் தொப்பை பெருத்த ராஜாவும் மணியடித்தபடி போக, மாடிகளில் பிள்ளைகள் தூக்கத்தை விட்டுக் கையசைக்க, டிக்கெட் சண்டையெல்லாம் மறந்து இவர் முதலையின் வாயைப் பிளந்து பிளந்து காட்டுவார். வீட்டில் முகம் கொடுத்துப் பேச நேரமில்லாத இருவருக்கும் இந்த ஒரு ராத்திரிதான் சொந்தம்.

சற்றுமுன் பாலத்தடியில் எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றார்கள். முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அவள் இறங்கிப் போனாள். பிறகு பின் இருக்கை அமிழ்ந்தது, துணி வழியாக முதுகில் ஒரு தட்டு. கிளம்பிவிட்டார்.

"என்ன, இன்னிக்கு வண்டி பறக்குது?"

சேற்றில் ஊறிய துணியின் வாடை மட்டும் பின்னாலிருந்து மெல்ல வந்து முதலைத் தலைக்குள் நிறைந்தது. அவளுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

ராஜாவையும் தாண்டிவிட்டார்கள். "முதலைக்கு இன்னிக்குச் சரியான பசி போல," என்று ராஜா சிரித்தது கேட்டது.

அப்போது காதிலிருந்த இயர்போன் அடித்தது. மனைவியின் குரல்.

"ஏங்க, எங்க போயிட்டீங்க? எல்லாரும் கிளம்பிட்டாங்க. பாலத்தடியில ஒரு லைட்டு கூட இல்ல. பயமா இருக்கு."

பெடல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"அங்கேயே இரு. இதோ வரேன்."

பிரேக்கை அழுத்தினார். நிற்கவில்லை. காலை எடுத்தார். பெடல்கள் நிற்கவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றின. பின்னால் மணிச்சத்தமும் சிரிப்பும் தேய்ந்து, விளக்குகள் தீர்ந்து, வெறும் சாலை.

"அட, வந்துட்டீங்களா." அவள் குரலில் நிம்மதி. "முதலை வாய் தெரியுது. ஒரு நிமிஷத்துல என் உயிரே போயிருச்சு."

"ஏறாத. அது நான் இல்ல. ஏறாத."

"போனை வைங்க. நேர்லதான் வந்தாச்சே."

அவளுக்குப் பக்கத்தில், போனுக்குள், ஓர் ஆண் குரல். அவருடைய குரலேதான்.

"ஏறிக்கோ."

இருக்கையின் ஸ்பிரிங் அமிழும் சத்தம்.

அவர் மனைவியைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். தொண்டை கிழிய.

நடுத்துணி விலகியது. ஈரமான ஒரு கை கழுத்தோரமாக ஊர்ந்து வந்து, தூங்குகிற பிள்ளைக்குச் செய்வதுபோல அத்தனை பதமாக, அவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி எடுத்தது.