கீழே ஊற்றாத முதல் தண்ணீர்

மழை... அப்படியொரு மழை. ராபர்ட்சன்பேட்டை பஜாரின் தகரக் கூரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டன. பெங்களூர் வேலையிலிருந்து ரயிலில் திரும்பியிருந்த மமதா, வீட்டுக்குப் போகாமல் நேராக பஜாருக்கு வந்து, ஜம்புலிங்கம் டீத்தூள் கடைக்குள் ஓடி ஏறினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெஞ்சோடு அணைத்திருந்த பையில் மட்டும் ஒரு துளி ஈரமில்லை.

"காலு கிலோவா, அரைக் கிலோவா?" கல்லாவில் இருந்த ஜம்புலிங்கத்தின் மகன் சுதர்சன் தலையைத் தூக்காமலே கேட்டான். பதில் வராததால் நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குள் இரண்டு பெரிய கண்கள்... கையிலிருந்த தூள் கரண்டி அப்படியே நின்றது.

"தூள் வாங்க வரலைங்க. இதை எப்படிப் போடறதுன்னு கேக்க வந்தேன்."

அவள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே கறுத்த, சுருண்ட இலைகள். சீனாவின் தேயிலை. அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

சுதர்சன் முகர்ந்து பார்த்தான். முகம் சுளித்தது. "நனைஞ்ச மண்ணு வாசனை வருது. கெட்டுப் போச்சுங்க." சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்து, தினமும் தூளைச் சோதிக்கிற பழக்கத்தில், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நறநறவென்று தேய்த்துவிட்டான்.

"ஐயோ! இன்னா பண்றீங்க?"

அந்தக் குரலில் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

"கெட்டுப் போச்சான்னு..."

"டீக்கடையிலயே பொறந்த மாதிரி உக்காந்துக்கினு இருக்கீங்க, ஒரு இலையத் தொடத் தெரியல! இது தீர்ந்தா எங்க அண்ணனால மறுபடி வாங்கியாந்து தர முடியாதுங்க... முடியவே முடியாது."

மழை நீரா, கண்ணீரா... அவள் துடைத்துக்கொள்ளவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

"ஒரு நிமிஷங்க!" சுதர்சன் மழையிலேயே பின்னால் வந்தான். "எனக்கும் தெரியாது. பால்ல கொதிக்கவெச்சு அடிக்கிற டீதான் தெரியும். கத்துக்கறேன். ஞாயித்துக்கெழம வாங்க. அதுவரைக்கும் டப்பாவைத் தொறக்காதீங்க. முதல்ல வேற இலையில பழகலாம்."

போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கால்கள் தாமாக அந்தப் பக்கம் நடந்தன.

கடையின் பின்கட்டில், தூள் மூட்டைகளுக்கு நடுவே, அவளுடைய கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அண்ணன் பிரதாப்பை அவன் கம்பெனி சில மாதம் சீனாவுக்கு அனுப்பியிருந்தது. திரும்பும்போது இந்த டப்பாவைக் கொண்டுவந்தான். மமதா ஆசையாக அதை எடுத்து, வீட்டு வழக்கப்படி பாலும் சர்க்கரையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, பொங்கப் பொங்கக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அப்பா துரை ஒரே வாயில் துப்பிவிட்டார். "இன்னாடா இது, சேத்துத் தண்ணி!" பிரதாப் விழுந்து விழுந்து சிரித்தான். "அடுத்த வாரம் வந்து நானே போட்டுக் குடுக்கறேன், இருங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி...

"வருஷப் படையல் வருது" என்றாள் மமதா. "அவனுக்குப் புடிச்சதெல்லாம் வெப்பாங்க. இந்த டீய சரியாப் போட்டு அவன் முன்னால வெக்கணும். ஒரே ஒரு தடவைக்குத்தான் இலை இருக்கு. அதையும் கெடுத்துட்டேன்னா..."

சுதர்சன் புதிதாக வாங்கிவைத்திருந்த மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் பள்ளிக்கூடம் நடந்தது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம். வரவழைத்த பச்சை இலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, வேப்பங்கொழுந்து போலக் கசக்கவைத்தார்கள். தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றியதும் அதே இலை இனித்தது. மணி மணியாக உருண்டிருந்த இன்னொரு வகை, வெந்நீரில் மெல்ல மெல்ல விரிந்து முழு இலையாகக் கிண்ணத்தை நிறைத்தபோது இருவரும் குழந்தைகளைப் போலக் குனிந்து பார்த்தார்கள். தலைகள் முட்டிக்கொண்டன.

"ஸாரி..."

"கிண்ணத்தைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."

"கிண்ணத்தைத்தான் பாத்தேன். அதுல உங்க மொகம் தெரியுது. நான் இன்னா பண்றது?"

அண்ணன் போனபிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். சிரித்த மறுகணமே குற்றவாளி போல வாயை மூடிக்கொண்டாள்.

டப்பாவில் இருந்ததைப் போலவே வாங்கிய கறுப்பு இலை மட்டும் வசப்படவே இல்லை. எப்படிப் போட்டாலும் மேலே எண்ணெய் போல ஒரு ஆடை, நாக்கில் சுண்ணாம்புச் சுவை. கடைசியில் குற்றவாளி இலையில்லை, போர்வெல் தண்ணீர் என்று சுதர்சன்தான் கண்டுபிடித்தான். பேத்தமங்களாவில் அத்தை வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்தான். அந்தத் தண்ணீரில் டீ கண்ணாடி மாதிரி சிவந்து நின்றது.

"இந்த இலைக்கு மட்டும் முதல் தண்ணிய ஊத்தின ஒடனே கீழ கொட்டிடணுமாம்" என்றான். "தூசு போறதுக்கு. ரெண்டாவது தண்ணிதான் குடிக்கணும்."

படையலுக்கு முந்தின ஞாயிறு, பின்கட்டுக்கு வந்தவர் சுதர்சனில்லை. ஜம்புலிங்கம்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் வாரா வாரம் தண்ணியக் காய்ச்சிக்கினு உக்காந்திருந்தா பஜார்ல சும்மா இருப்பாங்களா?" குரலில் கோபமில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

"இனிமே வரமாட்டேங்க" என்றாள் மமதா. சுதர்சனின் போன் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை. என் அண்ணனுக்கு டீ போடக் கற்றுக்கொள்ளத்தான் போனேன்... வேறு எதற்கும் இல்லை... என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்டுக்கொண்டே இருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை.

படையலன்று சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைனில் காலையிலிருந்தே தூறல். தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. அம்மா ரத்தினம்மா வாழையிலை போட்டு, கோழிக்குழம்பும் வடையும் பரிமாறி, பிரதாப்பின் படத்துக்குப் பூ வைத்தாள். மமதா அடுப்படியில் டப்பாவோடு நின்றாள். குடத்தில் இருந்தது லாரித் தண்ணீர். போர் தண்ணீர். ஆடை படியும், சுண்ணாம்பு நாறும். எப்படி மறந்தேன்...

வாசலில் அப்பாவின் குரல். "யாருப்பா நீ?"

"தண்ணி கொண்டாந்திருக்கேங்க."

சுதர்சன். தோளில் கேன். சட்டை முழுக்க மழை.

அவன் உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மமதாவின் கையில் வைத்தான். பிரித்தாள். அன்று அவன் கசக்கிய அந்த ஒரு சிட்டிகை.

"கையில ஒட்டினதைக்கூட தட்டி எடுத்துட்டேன். இதுவும் அவரோடதுதானே..."

மமதா முழு இலையையும் நொறுங்கியதையும் சேர்த்தே கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் கொதித்தது. ஊற்றினாள். நனைந்த மண்ணின் வாசனை அந்தச் சின்ன அடுப்படி முழுக்க எழுந்தது.

இப்போது முதல் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும்.

கிண்ணத்தைத் தூக்கினாள். முடியவில்லை. அண்ணன் கையால் கொண்டுவந்த இலை... அதிலிருந்து இறங்கிய நிறம்... எப்படி அதைச் சாக்கடையில் விடுவது? "என்னால முடியல" என்றாள். உதடு கோணிக்கொண்டது. "கொட்ட முடியலைங்க..."

சுதர்சன் ஒரு டம்ளரை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"கீழ ஏன் கொட்டறீங்க? எனக்கு ஊத்துங்க."

ஊற்றினாள். தூசும் துகளுமாக இருந்த அந்தத் தண்ணீரை அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

இரண்டாவது தண்ணீர் படத்தின் முன்னால் ஆவி பறக்க நின்றது. கற்பூரம் அணைந்தபிறகு அப்பா துரை அந்த டம்ளரை எடுத்தார். முகர்ந்தார். நெடுநேரம் குடிக்காமல் முகர்ந்துகொண்டே இருந்தார்.

"மழ நாள்ல சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்குவோம் பாரு... கீழேர்ந்து இந்த வாசனதான் வரும்" என்றார் மெதுவாக. "ஷிப்டு முடிஞ்சி வந்தா, சின்னப் பையன், என் சட்டையப் புடிச்சி மோந்துக்கினே இருப்பான். இதுக்காவதான் வாங்கியாந்தானா... நான் துப்பிட்டேனே, ரத்தினம்மா..."

ரத்தினம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு வருஷமாக அடக்கி வைத்த அழுகை அன்றுதான் சத்தமாக வந்தது.

வாசல்படியில் சுதர்சன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மமதா பின்னால் வந்து நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றான் திரும்பாமலே. "பொண்ணு பாக்க வேணாம்னு. நான் பாத்துட்டேன்னு. இன்னிக்கு இதைப் பேசக்கூடாது, தெரியும். நீங்க போனை எடுக்கல, அதான்..."

"உங்க அப்பா இன்னா சொன்னாரு?"

"இன்னும் பேசல. பேசுவாரு. நான் காத்திருப்பேன்... அவருக்கும், உங்களுக்கும்."

தூறல் அவர்களுக்கு நடுவில் விழுந்துகொண்டிருந்தது. மமதாவின் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. ஆனாலும் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இப்ப சந்தோஷமா ஒண்ணும் சொல்ல வரலைங்க. ஆனா அழுவ வந்தா உங்க கடைப் பக்கம்தான் ஓடி வரத் தோணுது. அதுக்கு இன்னா பேரோ, நீங்களே வெச்சுக்கங்க."

அவன் செருப்பில் பாதி நுழைத்த காலோடு அப்படியே நின்றான்.

"உள்ள வாங்க" என்றாள் மமதா. "இலை இன்னும் நெறம் விடுது. அடுத்த தண்ணி ஊத்தறேன்."