பார்சல் வயது

ஞாயிறு காலையில் திருநெல்வேலி மாடிகளுக்கு மேல் பார்சல் பறவைகள் தாழப் பறந்துகொண்டிருந்தன. வீட்டில் யாரும் அடுப்பு மூட்டாத காலம்; பிள்ளைகள் உள்ள வீடுகளில் சாப்பாட்டுப் பொட்டலத்தை இறக்கிவிட்டுப் போவதுதான் அந்த ட்ரோன்களின் பிழைப்பு. செண்பகம் வாங்கிப் பிரித்துக் கொடுத்ததும், மகள் மகிழினி தோசையைத் துணி மடிப்பதுபோல நான்காக மடித்தாள்.

"இதுல 'முறுகல்'னு போட்டிருக்கே, அப்படின்னா என்னம்மா?"

"கடிச்சா சத்தம் வரும்."

"தோசைலயா?" பிள்ளை சிரித்தாள். செண்பகம் பொட்டலக் காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். "செருப்பப் போடுட்டி," என்றாள்.

தங்கத்துரையின் உணவகம் அடுத்த தெருவில் இருந்தது. சாப்பிடுவோர் நிம்மதிக்காக என்று சட்டம் வந்ததிலிருந்து எல்லா உணவக வாசலிலும் வயதுமானி உண்டு. எலும்பைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடும். பதினைந்து நிரம்பாவிட்டால் சிவப்பு விளக்கு; உள்ளே இடமில்லை, பார்சல்தான். ஊரார் அதற்கு வைத்த பெயர் பார்சல் வயது. நாய்க்குட்டிகளுக்குத் தடை இல்லை.

மகளின் கையைப் பிடித்தபடி செண்பகம் வாயிலின் நடுவில் நின்றாள். சிவப்பு எரிந்தது. ஆள் நிற்கும்போது கதவு மூடாது. கதவு மூடாமல் உள்ளே பரிமாறும் இயந்திரங்கள் நகராது. இது ஊருக்கே தெரியும். யாரும் நின்றதில்லை, அவ்வளவுதான்.

தங்கத்துரை ஓடிவந்தான். "யக்கா, வழிய விடுங்க. எல்லார் சாப்பாடும் ஆறிப்போவுது."

"எம்மவளுக்கு ஒரு முறுகல். தட்டுல, மேசையில. அப்புறம் நவுருதேன்."

"லைசென்ஸ் போயிரும்க்கா."

"பொறந்ததுலேர்ந்து இவ ஆறிப்போனதத்தான் திங்கா தம்பி. இவங்க ஒருநாள் தின்னா என்ன?"

"குடுத்துத் தொலைங்கப்பா, காப்பி பச்சத்தண்ணியா ஆயிட்டு," என்றார் உள்ளே ஒருவர். இரக்கமெல்லாம் இல்லை, பசிதான். செண்பகத்துக்கு அதுவே போதும். தங்கத்துரை நெற்றியைத் துடைத்துக்கொண்டு வயதுமானியின் இணைப்பைப் பிடுங்கினான்.

செண்பகம் மகளை ஒரு மேசைக்கு முன் உட்காரவைத்தாள். தோசை வந்தது. மகிழினி ஓரத்தைக் கடித்தாள். சத்தம் கேட்டதும் அவள் கண்கள் விரிந்தன. பிறகு சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். அவசரமாகத் தோசையை மடித்தாள், அது நொறுங்கியது. துண்டுகளை மேசையில் கிடந்த காகிதத்தில் சுருட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"போலாம்மா. வாங்கியாச்சுல்லா."

செண்பகம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, துண்டுகளைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"இங்கதான் சாப்பிடணும். உக்காருட்டி."

"எல்லாரும் பாக்காங்கம்மா."

"பாக்கட்டும். மெல்லத் தின்னு. நாளைக்கும் வருவோம்."