போர்ட்டைத் தட்டுவது யார்?

டிங்!

"ஐயோ... மறுபடியுமா!"

வக்கீலம்மா அலறிய அலறலில் காபிக் கோப்பை கவிழ்ந்தது.

கம்ப்யூட்டர் திரையில் சிவப்புப் பட்டை. 'போர்ட் ஸ்கேன் கண்டறியப்பட்டது. தடுக்கப்பட்டது.'

காலையிலிருந்து இதே தொல்லை! செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனிக்கு போன் போட்டால், "தடுத்தாச்சு மேடம், கவலைப்படாதீங்க" என்று கிளிப்பிள்ளைப் பதில். எதைத் தடுத்தார்கள்? யாரை? சொல்ல நாதியில்லை.

கவலைப்படாமல் எப்படி? ஒரு கொலையை நேரில் பார்த்த சாட்சி ஒளிந்திருக்கும் விலாசம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கொலைகாரனின் ஆட்கள் சாட்சியைத் தேடி நாயாய் அலைந்துகொண்டிருந்தார்கள்!

நெட்வொர்க் இன்ஜினீயரான நாத்தனார் ஓடி வந்தாள்.

"அண்ணி, மொதல்ல மூச்சு விடுங்க. போர்ட்னா கதவு மாதிரி. கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்குல கதவு. எது திறந்திருக்குன்னு யாரோ ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கறாங்க."

"உள்ள வந்துட்டாங்களா?"

"தட்டினா வந்துட்டதா அர்த்தமில்ல. இன்டர்நெட்ல எவனாவது தட்டிக்கிட்டேதான் இருப்பான்..."

சொல்லிக்கொண்டே அலர்ட்டை க்ளிக் செய்தவள் திரையை நெருங்கிக் குனிந்தாள்.

"அண்ணி... தட்டறவனோட நம்பர் இதுல இருக்கு. இது நம்ம வைஃபை கொடுத்த நம்பர்!"

"அப்படின்னா...?"

"தட்டறவன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்!"

டிங்!

ரவுட்டரில் அந்த நம்பரைத் தேடினாள். ஒரு செல்போன்.

"அட... இது அப்பா போன்!"

இருவரும் பக்கத்து அறைக்குப் பாய்ந்தார்கள். மாமனார் சாவகாசமாய் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"வைஃபை ஆமையா நகருதும்மா. எவனோ திருடறான். திருடனைப் பிடிக்கிற ஆப் போட்டிருக்கேன். வீட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் தட்டிப் பாக்குது!"

வக்கீலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களால எனக்கு உயிரே போச்சு! அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடுங்க!"

"போடறேன்... ஆனா ஒரு கேமராவும் இருக்குன்னு இந்த ஆப் காட்டுதே, அது நம்ம வீட்ல எங்கம்மா இருக்கு?"

"கேமராவா? நம்ம வீட்ல கேமராவே கிடையாதே!"

நாத்தனார் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணி... அதுல ஒரு கதவு திறந்தே கிடக்கு!"

தொட்டாள். படம் விரிந்தது.

வக்கீலின் மேஜை. காலி நாற்காலி. பளிச்சென்று கம்ப்யூட்டர் திரை!

மேஜை விளக்கின் தலைக்குள்ளிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

"அந்த விளக்கு... என் ஜூனியர் நேத்துதான் பரிசா கொடுத்தா! வைஃபை பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கிட்டா!"

நல்லவேளை, விளக்கு வந்த பிறகு விலாச ஃபைலை வக்கீலம்மா திறக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் சாட்சி வேறிடம் போனார். கொலைகாரனின் ஆட்களுக்கு விலைபோன ஜூனியர் லாக்கப்புக்குப் போனாள்.

மாமனார் பயந்துகொண்டே போனை நீட்டினார்.

"இந்தாம்மா... நீயே அந்த ஆப்பை அழிச்சிடு."

டிங்!

"வேணாம் மாமா... நீங்க தட்டிட்டே இருங்க. நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன்!"