கிணற்றுமேட்டுக் கம்பு

"என் காட்டுல கைவைக்க நீ யாருடி—"

"எங்க காட்டைத் தோண்டினப்ப யாராச்சும் இப்படிக் கேட்டோமா மாமா—"

"அது சட்டம்—"

"இதுவும் அதேதான். வழிய விடுங்க."

சென்னியப்பன் கைத்தடியை வீசினார். தம்பி மனைவி பாவாயியின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால், பயிர் கொளுத்தப்பட்டவர்கள் அரிவாளும் கடப்பாரையுமாக நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் அகழ்பொறியின் இரும்புக் கை.

அரசு முத்திரை குத்திய விதையைத் தவிர வேறெதுவும் முளைக்கக் கூடாத காலம் அது. ஒளித்து விதைத்தாலும் தேனீ விடாது. கூட்டு வாசலில் இருக்கும் மகரந்தமானி, தேனீ காலில் உருட்டிவந்த தூளை வழித்தெடுத்து இன்ன செடி என்று சொல்லிவிடும். கூட்டுக்குள் தேனீ ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து, திசையையும் தூரத்தையும் சொல்லும். பிறகு அகழ்பொறி வரும். மண்ணுக்குள் விதை பதுக்கியிருப்பார்கள் என்று ஆள் ஆழம் தோண்டும். மிச்சத்தைக் கொளுத்தும்.

இதையெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்தவர் கண்காணிப்பாளர் சென்னியப்பன்தான். நிலத்துக்காரன் காலில் விழுந்தாலும் பொறி நிற்கக் கூடாது என்று கட்டளை பதித்தவரும் அவரே.

இன்று காலை மானி சொன்னது, கம்பு. இடம், அவருடைய சூரியகாந்தி நிலம், கிணற்றுமேடு.

திரும்பிப் பார்த்தார். மஞ்சளுக்கு நடுவே நாலைந்து கதிர், அதில் தேனீ மொய்த்தது. விதையைத் தர மாட்டேன் என்று தம்பி மல்லுக்கு நின்றது அவருக்கு நினைவிருந்தது. மண்வெட்டி அவன் மண்டையில் இறங்கியதும், அவசரமாகக் குழி பறித்ததும் நினைவிருந்தது. அவன் மடியில் கட்டியிருந்த கம்பு எங்கே சிந்தியது என்று மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

பாய்ந்துபோய்க் கதிர்களைப் பிடுங்கினார். முகமெல்லாம் கொட்டியது.

"புடுங்கியாச்சு, நிறுத்து. போதும், நிறுத்து."

"பெரியவருக்கு வேர்க்குதுடா," என்றான் கூட்டத்தில் ஒருவன். "உள்ள மூட்டைக் கணக்குல வச்சிருப்பாரு போல."

சிரித்தார்கள். இரும்புக் கை அவரை ஓரமாகத் தள்ளியது. விலா முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. விழுந்த இடத்திலிருந்து, பொறி ஒருமுறை அள்ளியதைப் பார்த்தார். மறுமுறை அள்ளியபோது அதன் பல்லில் கட்டம் போட்ட கைலி மாட்டிக்கொண்டு வந்தது. கைலிக்குள் எலும்பு.

சிரிப்பு நின்றது. பாவாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தலைமாட்டில் வந்து குந்தினாள்.

"அவரை நானே ரயிலேத்திவிட்டேன்னு சொன்னீங்களே மாமா, அன்னைக்கு அவரு என்ன கட்டியிருந்தாரு?"