பாதியில் நின்ற முள்

நாலாயிரத்து எழுநூற்று இருபது. அண்ணன் கணக்குப்படி, அவள் தின்ற பெட்ரோல் காசு அவ்வளவு.

வாடகைக் கார் அண்ணனுடையது. ஓட்டுவது அவள். டேங்க் வழிய அடித்தாலும் முள் பாதியைத் தாண்டாது. "மீதி எங்கே போச்சு?" என்பான். பில்லைக் காட்டினால், "இது எந்த வண்டிக்கு அடிச்ச பில்லோ?" சம்பளத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான். இன்று சாவியையும் திருப்பிக் கேட்டுவிட்டான்...

மழை கொட்டியது. கண்ணில் பட்ட முதல் பட்டறைக்குள் காரை விட்டாள்.

"மீட்டர் கெட்டிருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க!"

"வரும்போதே சண்டையா? டயர் என் காலை உரசிட்டுப் போச்சுங்க."

"கால் இருக்கில்ல? அப்ப பாருங்க."

மெக்கானிக் சிரித்தான். அழுது சிவந்த அந்தக் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

பின்சீட்டைத் தூக்கினான். பெட்ரோலோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்தும் மிதவையைக் கம்பியோடு டேங்குக்குள்ளிருந்து வெளியே எடுத்து, டேங்க் வாயை இறுக்கி மூடினான். நீளமான ஒயரில் மிதவையை மாட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றான்.

"முன்னாடி உக்காந்து, முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லுங்க."

கையால் மிதவையை மெல்ல உயர்த்தினான்.

"கால்... பாதி..."

"உச்சிக்கே தூக்கிட்டேன். இப்ப?"

"பாதியேதான்!"

முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவன் கண்கள்... ஒரு நொடி. சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

மிதவையைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரை மட்டும் வண்டி பாடியில் தொடவைத்தான். முள் முழுசாக ஏறியது. "மீட்டர் நல்லாத்தான் இருக்கு. இந்த மிதவை யூனிட்டுல தகடு அரிச்சுப்போச்சு. புதுசு மாத்திடலாம்."

"மாத்தாதீங்க! என் வாயால சொன்னா அண்ணன் நம்பமாட்டாரு. அவரே வந்து பாக்கட்டும்."

போன் போட்டாள். அண்ணன் குடையோடு வந்தான். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

அவள் முகம் செத்துப்போனது. மெக்கானிக் மட்டும் நிதானமாக, "நீங்களே உக்காந்து, நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கண்ணே" என்றான். மிதவையை மறுபடி ஒயரில் மாட்டி அவள் கையில் கொடுத்தான்.

"பாதி," என்றான் அண்ணன். "இன்னும் தூக்கு... தூக்கிட்டியா?" திரும்பிப் பார்த்தான். தங்கையின் கை உச்சியில் இருந்தது.

மெக்கானிக் புது யூனிட்டை அந்த ஒயரில் மாட்டினான். அதே கை, அதே உயரம்.

"முழுசு..." என்றான் அண்ணன்.

இறங்கி வந்தான். "அந்தக் காசை விட்டுடுறேம்மா."

"விடுறதுக்கு நான் எடுக்கவே இல்லையேண்ணா..."

அண்ணன் சட்டைப் பையைத் துழாவினான். பிடித்த காசு முழுசையும் அவள் உள்ளங்கையில் வைத்தான். அதன்மேல் சாவியை வைத்தான். குடையை விரிக்காமலே மழையில் நடந்து போனான்.

புது மிதவையை டேங்கில் இறக்கி முடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் மெக்கானிக் பேசினான்.

"ஒண்ணு சொல்லணுங்க... முதல்ல உங்களை முன்னாடி உக்கார வெச்சேனே, அதுக்கு அவசியமே இல்ல. மல்டிமீட்டர் வெச்சு நான் ஒருத்தனே பாத்திருப்பேன்."

"அப்புறம் எதுக்கு?"

"அந்தக் கண்ணைக் கண்ணாடியில ஒரு தடவை பாத்துக்கலாம்னு... பாத்துட்டேன். இனிமே பாக்காம இருக்க முடியாது போலிருக்குங்க."

அவள் போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கிளம்பிவிடுவாள் என்று நினைத்தான். அவளோ கண்ணாடியை மெல்லத் திருப்பி, அவன் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"பாருங்க..." என்றாள்.