ஒரு படகு, இரண்டு உலகம்மாள்

பெயர்பிரிப்பான் இயந்திரத்தின் முன்னால் இரண்டு உலகம்மாள்களும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அண்ணன் தம்பி பிள்ளைகள். அப்பாவைப் பெற்றவளின் பெயரையே இரண்டு வீட்டிலும் வைத்ததால், பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

வீட்டுக்கு அது போதும், நாட்டுக்குப் போதவில்லை. உலகம்மாள் என்று ஒரு தெரு, ஒரு படகு, நிலாவில் ஒரு பள்ளம். யார் எதைக் கேட்கிறார்கள் என்று புரியாமல் இயந்திரங்கள் திண்டாடின. அதனால்தான் சட்டம் வந்தது. ஒரே பெயர் கொண்ட ஆள், ஊர், பொருள் எல்லாவற்றுக்கும் தனித்தனி அடைமொழி. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடையாது; அவரைச் சிறப்பிக்கப் பெயரிட்ட பொருளுக்கு மட்டும் அதுவே சேரும். தன்னைப் பற்றிச் சொல்லவிட்டால் யாருமே பெருமைதானே பேசுவார்கள்? ஆகவே ஒருவரைப் பற்றி மற்றவர்தான் சொல்ல வேண்டும்.

சின்னவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்று நாமெல்லாம் கடல்நீரைக் குடிக்கிறோமே, அந்த உப்புண்ணிப் பாசியைச் சமையலறைப் பானையில் வளர்த்தெடுத்தவள் பெரியவள். பரிசுக் கடிதம் வந்த அன்று அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உறையில் வெறும் பெயர் மட்டும். வாங்கிவந்து கொடுத்துவிடலாம் என்றுதான் சின்னவள் மேடை ஏறினாள். மறுநாள் எல்லாத் திரையிலும் அவள் முகம்; பிறகு படகுக்கும் அவள் பெயர். நாற்பத்தைந்து வருடம் இருவரும் அதைப் பேசவே இல்லை.

"மூத்தவர் முதலில்," என்றது இயந்திரம்.

"இவளா? உப்பு திங்குற பாசியக் கண்டுபிடிச்சவ."

"பதிந்தாயிற்று."

சின்னவள் எழுந்துவிட்டாள். "இல்ல! கண்டுபிடிச்சது எங்க அக்கா. நான் எடுத்துக்கிட்டேன்!"

"அந்த அடைமொழி வழங்கப்பட்டுவிட்டது. வேறு சொல்லுங்கள்."

"அப்போ என்னைத் திருடின்னு எழுது!"

"தன்னைப் பற்றிச் சொல்ல அனுமதியில்லை."

"ஏளா, எதுக்கு இந்தக் கத்து கத்துத?" பெரியவள் அவள் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். "மிஷினு பயந்துரப் போவுது."

சின்னவள் முகத்தை மூடிக்கொண்டாள். "எங்க அக்கா," என்றாள். அதுவே பதிவானது.

வீடு திரும்பத் துறைக்கு வந்தபோது அந்தப் படகின் நெற்றியில் புது எழுத்து மின்னிக்கொண்டிருந்தது: உலகம்மாள், பாசி கண்டவர். பெரியவள் முதலில் ஏறிக் கையை நீட்டினாள்.

"ஏறுளா. ஒம் படகுதான?"

அந்தக் குரலில் கொஞ்சமாவது குத்தல் இருந்திருந்தால், சின்னவள் ஏறியிருப்பாள்.